தாண்ட முடியாத பள்ளம்

டிவி கேம் கேசட்டைப் பிடுங்கி அடிப்பக்கத்தில் வாயால் ஊதும்போது, கடற்காற்று படிந்த பிளாஸ்டிக்கின் உப்புக்கரிப்பு உதட்டில் ஒட்டும். புதுச்சேரியில் வேலை பார்த்த சித்தப்பா, தன் பிள்ளைகளுக்கு அலுத்துப்போன அந்த டிவி கேம் பெட்டியை, 2005 மழைக்காலத்துக்குச் சற்று முன்பு மரக்காணத்தில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். அட்டையில் ஏகப்பட்ட ஆட்டங்களின் படங்கள் இருந்தாலும் உள்ளே ஓடியது ஒன்றே ஒன்றுதான். ஈட்டி ஏந்திய குட்டி மனிதன் ஒருவன் காட்டுக்குள் ஓடுவான். இரண்டாவது "ஸ்டேஜில்" ஒரு பள்ளம் வரும். அதில் விழுந்து "லைஃப்" எல்லாம் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு படித்த நானும் என் அண்ணனும் ஒருமுறைகூட அதைத் தாண்டியதில்லை. ஆசையாக உட்கார்ந்து, அடித்துக்கொண்டு எழுந்திருப்போம். ரிமோட்டை வீசிவிட்டு அழுதிருக்கிறேன்.

"அழுதுகினே ஆடுறதுக்கு இன்னாத்துக்குடி அது?" என்பாள் அம்மா.

மழை இறங்கியதும் உப்பளப் பாத்திகள் மூழ்கி அப்பாவுக்கு வேலை நின்றது. எங்கள் வீட்டில் பயத்தோடு கழியும் மாதங்கள் அவை. வெயில் காலமெல்லாம் குடிக்காமல் இருப்பவர், சும்மா உட்கார நேர்ந்தால் "ஒயின்ஷாப்" பக்கம் போய்விடுவார். அந்த ஆண்டு பொழுது போகாமல் எங்களிடம் ரிமோட்டை வாங்கினார். உப்பில் வெடித்த அவர் கட்டைவிரல்கள் அந்தச் சின்னப் பொத்தான்களில் நிற்கவில்லை. விழுந்தார், மறுபடி விழுந்தார். சில நாள் விடாமல் ஆடிப் பார்த்தவர், ஒரு மாலை, "சே, இந்தக் கருமத்த எவன்டா கண்டுபுடிச்சான்" என்று எழுந்து சட்டையை மாட்டினார்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எங்கே கிளம்புகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அப்பா, என்னாலயும் முடியலப்பா. இருப்பா, சேந்து ஆடலாம்" என்றேன்.

வாசலில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "முடியாதவங்க ரெண்டு பேர் சேந்தா மட்டும் முடிஞ்சிடுமா?"

அண்ணன் சிரித்துவிட்டான். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

நடத்தும் பொத்தான் அவர் விரலில், குதிக்கும் பொத்தான் என் விரலில். "குதிம்மா, இப்ப குதி!" என்று அவர் கத்துவதற்குள் அந்த மனிதன் பள்ளத்தில் கிடப்பான். தனித்தனியாக ஆடியதைவிட மோசமாகத் தோற்றோம். தோற்றுவிட்டு நான் சிரித்தது அன்றுதான் முதல்முறை. அம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அந்த மழைக்காலம் முழுக்க அப்பா குடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஓரிரு நாள் போகத்தான் செய்தார். மற்ற நாட்களில் எங்களோடு விழுந்துகொண்டிருந்தார். கடைசிவரை யாரும் தாண்டவில்லை. மழை விட்டுப் பாத்திகள் காய்ந்ததும் உப்பளத்துக்குத் திரும்பினார்.

இப்போது அந்தப் பெட்டியும் இல்லை, அதை மாட்டிய டிவியும் இல்லை. என் மகன் போனில் ஆடும் ஆட்டத்தில், நாலு தடவை தோற்றால் அதுவே வழியைக் காட்டிக் கரைசேர்த்துவிடுகிறது. தனியாக ஆடி, தனியாக ஜெயிக்கிறான். ஆசையாக அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "இது ஒருத்தர் மட்டும் ஆடுறதும்மா" என்கிறான்.