பருப்பு டப்பாவுக்குள் ஒரு ரகசியம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது. அப்போது நாங்கள் புனேயில் வானவடியில் குடியிருந்தோம். மகள் பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கணவர் விடிந்ததும் விடியாததுமாக ரஞ்சன்காவ் தொழிற்சாலைக்கு பஸ் ஏறிவிடுவார். எனக்கு ஒத்தாசையாகத் திருநெல்வேலியிலிருந்து மாமியார் வந்திருந்தார்.

அடுத்த குழந்தை உடனே வேண்டாம் என்று, பால் கொடுக்கும் தாய்மாருக்கான கருத்தடை மாத்திரையை டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார். மாத்திரை தின்றால் பால் வற்றிவிடும் என்று ஊரில் பேசக் கேட்டு வளர்ந்தவள் நான். மாமியார் காதுக்குப் போனால் என்ன ஆகுமோ என்று பயந்து, அட்டையைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். அவர் குளிக்கப் போனால்தான் எடுத்து விழுங்குவேன். அவர் குளிப்பதோ குழாயில் தண்ணீர் வருவதைப் பொறுத்தது. ஒரு நாள் காலை ஆறு மணி, ஒரு நாள் மத்தியானம். போனால் அரைமணி நேரம் வெளியே வரமாட்டார். தண்ணீர்ப் பஞ்சத்தில் இப்படியா குளிப்பார்கள் என்று நான் மனதுக்குள் திட்டியதுண்டு.

பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிலக்கு வந்து போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. துணியில் மறுபடியும் லேசாக ரத்தக் கறை. மறுநாளும் அப்படியே. திருட்டு மாத்திரைதான் உடம்பைக் கெடுத்துவிட்டது, பாலும் கெட்டிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். யாரிடமும் கேட்க வழியில்லை. கணவரிடம் சொல்லிப் பால்பவுடர் வாங்கிவரச் செய்தேன். மகள் என் மாரை முட்டி முட்டி அழுதாள். நானும் அழுதேன்.

பவுடர் டப்பாவைப் பார்த்ததும் மாமியார் விடவில்லை. "தாய்ப்பால் இருக்கையில இது எதுக்குட்டி?" என்றார். ரத்தக் கறையை மட்டும் சொன்னேன், மாத்திரையை மறைத்துவிட்டேன். அடுத்த அரைமணி நேரத்தில் குழந்தையோடு ஆட்டோவில் கேம்ப் பகுதியில் இருந்த டாக்டரம்மாவிடம் போய்க்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மாவுக்கு இந்தியும் மராத்தியும்தான். மாமியாருக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தை, கடையில் விலை கேட்கும் 'கித்னா'. அந்தத் தைரியத்தில், அவர் பக்கத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் இந்தியில் கொட்டினேன்.

"கோலி ரோஜ் ஏக் ஹி டைம் பே லேதி ஹோ?" என்றார் டாக்டரம்மா. மாத்திரை போடுவது தினமும் ஒரே நேரத்துக்கா என்று கேட்கிறார். தண்ணீர் வரும் நேரத்துக்கு என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

கர்ப்பம் இல்லை என்று சோதித்து, உடம்பையும் பார்த்துவிட்டுச் சொன்னார். இந்த மாத்திரையில் இப்படி லேசாக ரத்தம் படுவது உண்டு, நேரம் தவறினால் கூடுதலாகப் படும். பாலுக்கு ஒன்றும் ஆகாது, தாராளமாகக் கொடுக்கலாம். அதிகமாகப் பட்டாலோ, வலித்தாலோ, நிற்காமல் போனாலோ உடனே வர வேண்டும். அங்கேயே சேலையை இழுத்து மூடிக்கொண்டு மகளுக்குப் பால் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது, "என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார் மாமியார்.

"சத்துக் குறைச்சலாம் அத்தை."

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "தெனமும் பருப்பு அளந்து போடுதது யாரு? வந்த ரெண்டாம் நாளே பாத்துட்டேன். நீ பதறாம முழுங்கட்டும்னுதான் வாளித் தண்ணிய வச்சிக்கிட்டு அரைமணி நேரம் உள்ள உக்காந்திருந்தேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்று முதல் அட்டை அடுப்பு மேடையில் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்துக்கு வந்துவிட்டது. அவர் ஊருக்குப் போன பிறகும் தினம் காலை எட்டு மணிக்கு போன் வரும், "போட்டியாட்டி?" என்று. நான் யாருக்குப் பயந்து ஒளித்தேனோ, அவர்தான் எனக்காகக் குளியலறையில் ஒளிந்திருந்தார் என்பதை நினைத்தால், வாய்விட்டுக் கேட்காமல் யாரையும் எடைபோட இன்றுவரை எனக்கு மனம் வருவதில்லை.