வேதக்கோயில் கதவில் ஒட்டாத பெயின்ட்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் இராஜாக்கமங்கலம் பக்கத்தில் கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் ஒன்றின் பெரிய கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். ஆடிச் சாரல் ஓய்வதற்குள் கதவு சொறி பிடித்த மாதிரி உரிந்துவிட்டது. மேஸ்திரியான இவர் பெயின்டில் மண்ணெண்ணெய் கலந்துவிட்டார் என்று சபை மூப்பர் கடைத்தெருவில் நின்று சொன்னாராம். மிஷன் பங்களா வேலை எங்களுக்குத்தான் என்று பேச்சு இருந்தது, அதுவும் நின்றுபோனது. கள்ளன் என்று பேர் வாங்கின பெயின்டரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

இவர் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை நானே அவரைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

பெயின்ட் மரத்தைப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஒரு வழி உண்டு. கத்தி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதன்மேல் மரச்சீனிக் கிழங்கு மாவுப் பசை தடவிய காகிதத்தை ஒட்டுவார். நன்றாகக் காய்ந்ததும் வெடுக்கென்று பிடுங்குவார். மேலே ஒன்று, கீழே ஒன்று ஒட்டினார். மேலே ஒட்டிய காகிதம் கிழிந்து கையோடு வந்தது, பெயின்ட் அசையவில்லை. கீழே ஒட்டியதிலோ பெயின்ட் மொத்தமும் வந்துவிட்டது. அடியில் மரம் வழுவழுவென்று மினுங்கியது.

"ஒரே டப்பா, ஒரே கை" என்றார் அவர், குழம்பிப்போய்.

உரிந்த இடம் எதுவரை என்று பார்க்க நான் கையை உயர்த்தினேன். சரியாக என் விரல் நுனியோடு நின்றது. அதற்குமேல் கதவு புதுசாகவே இருந்தது. ஒரு பொம்பளையின் கை எட்டும் உயரம்! அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கோயிலைத் தூத்துத் துடைக்கிற அக்கா வந்தாள். கையில் தேங்காயெண்ணெயில் நனைத்த துணி. விதவை, ஒரே மகன் கொழும்புக்குப் போனவன், தகவலே இல்லை. சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்ப்பாளா என்று கேட்டேன்.

"பின்னே? எத்தனையோ வருஷமாத் தேய்க்கேன். அவன் திரும்பி வந்தா இந்தக் கதவு வழியாத்தானே கேறுவான். மினுமினுன்னு இருக்காண்டாமா மக்கா?"

உலராத அந்த எண்ணெய் அயனி மரத்தில் ஊறிக் கிடந்தது. அதன்மேல் எந்தப் பெயின்ட் நிற்கும்? எங்களுக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் வழியில் இவர் சொன்னது என்ன தெரியுமா? "அந்த அக்கா பேரை எடுக்காண்டாம். கோயில் வேலையை விட்டா அவளுக்கு வேற கதியில்லை."

மறுநாள் ஆராதனை முடிந்து சபையார் கதவடியில் நிற்க, அவர் விடியற்காலையிலேயே ஒட்டி வைத்திருந்த காகிதங்களைப் பிடுங்கிக் காட்டினார். மேலே நிற்கிறது, கீழே வருகிறது.

"அப்போ கீழ அடிச்சதிலதான் கலப்படம்னு சொல்லும்" என்றார் மூப்பர்.

"கலப்படம் இல்லை. மரத்தில எண்ணெய்ப் பசை இருந்திருக்கு. முதல்லயே சோதிக்காம அடிச்சது எனக்க தப்பு. சலவைக்காரம் போட்டுக் கழுவி, உப்புத்தாள் தேச்சு, திரும்ப அடிச்சுத் தாறேன்."

"எண்ணெய் எப்பிடி வரும்? வானத்திலேருந்தா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். இனி புருஷன் சொல்லாவது, மண்ணாங்கட்டியாவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பெண்கள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அந்த அக்கா முன்னே வந்துவிட்டாள். சபையில் அவள் குரலை யாரும் கேட்டதே கிடையாது.

"எண்ணெய் தேச்சது நானாக்கும். இப்பிடி ஆகும்னு எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையை ஒண்ணும் சொல்லாண்டாம். என்னைப் போகச் சொல்லுங்க, போயிருதேன்."

மூப்பர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோபக்காரர்தான், ஆனாலும் மனுஷன்.

"நீ எங்க போவ? இனிமே அந்த எண்ணெயை உனக்க தலையில தேச்சுக்கோ, அது போதும்" என்றார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "மேஸ்திரி, நான் சொன்னது தப்பு. பொறுத்துக்கிடணும்" என்றார்.

ஊரே கள்ளன் என்றபோது கண் கலங்காதவர், அங்கே அத்தனை பேர் நடுவில் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.