எனக்கு மட்டும் வராத கடிதாசி

செம்பாக்கத்தில் ஏரிக்குப் பின்னால் எங்கள் தெருவில் மொத்தம் பதினோரு வீடுகள். போன வருஷம் மழைக்கு முன்பு பத்து வீடுகளுக்கு மொட்டைக் கடிதாசி வந்தது. வெள்ளைத் தாள், சிவப்பு ஸ்கெட்ச் பேனா, கோணல் எழுத்து: 'தெருவைக் காலி செய். இல்லாவிட்டால் ஏரியில் மிதப்பாய்.' யாரோ கேட்டில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வராத அந்தப் பதினோராவது வீடு என்னுடையது.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளாமல், தாம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஃபைல்களோடு காலம் தள்ளி ஓய்வுபெற்றவள் நான். என்னை மிரட்டக்கூட ஆளில்லையே என்று என்னை நானே கிண்டல் செய்துகொண்டேன்.

ஆனால் கடிதாசி வாராவாரம் வந்தது. போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார், ஒன்றும் துலங்கவில்லை. எதிர்வீட்டு அக்கா, "உங்களுக்கு மட்டும் வரவே இல்லியா மேடம்?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை அவர் சிரிக்கவில்லை. அதற்கப்புறம், சாயங்காலம் அவர் வாசலில் கூடும் பெண்கள் என்னைக் கண்டதும் காய்கறி விலையைப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு நாளில் நான் வாய் திறப்பதே அந்த அரைமணி நேரம்தான். அதுவும் போய்விடுமோ என்று பயந்தேன்.

ஒரு மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்பு ஸ்கெட்ச்சை இடது கையில் பிடித்து, எனக்கு நானே ஒரு மிரட்டல் எழுதினேன். மறுநாள் காலை அக்கா செடிக்குத் தண்ணீர் விடும் நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து "ஐயோ!" என்றேன். படு மோசமான நடிப்பு. ஆனாலும் அவர் ஹோஸைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க மேடம், நாங்கல்லாம் இல்லியா?"

அன்று சாயங்காலம் எனக்கு நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக இருந்து எனக்கு வெகுநாளாகியிருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். என் கடிதாசியை வாங்கிப் பார்த்தவர், "இன்னா மேடம், இதுல மட்டும் பிள்ளையார் சுழி கீது?" என்றார்.

தாளின் தலையில் சின்னதாக ஒரு 'உ'. மளிகைச் சீட்டானாலும் பால்காரருக்கு வைக்கும் துண்டுக் காகிதமானாலும் சுழி போடாமல் எனக்குக் கை ஓடாது. தெருவே அதைச் சொல்லி என்னைக் கேலி செய்திருக்கிறது. மற்றக் கடிதாசிகள் எதிலும் அது இல்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. அக்கா காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

கெட்ட நேரம், அத்தோடு கடிதாசிகளும் நின்றுவிட்டன. எல்லாவற்றையும் எழுதியது நான்தான் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. இப்போது சாயங்காலம் ஏரிப் பக்கம் தனியாக நடந்துவிட்டு வருகிறேன். சில நாள் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே பொழுது போய்விடுகிறது, தாங்க முடியவில்லை. மற்றக் கடிதாசிகளை நான் எழுதவில்லை என்பது என்னைத் தவிர இந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். எதிரே வருகிற ஒவ்வொரு முகத்திலும் அவரைத் தேடுகிறேன்.