ஆத்தாவுக்கு விட்ட சோறு

இந்தப் பிடிவாதம் உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்று என் பிள்ளைகள் கேட்பதுண்டு. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. எட்டு வயதில் மாதக்கணக்காகச் சோற்றைத் தொடாமல் இருந்தவள் நான். அந்த வீம்பை எனக்கு ஊட்டியவள் அம்மா. கடைசியில் அதனிடம் தோற்றவளும் அவள்தான்.

முதல் உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். மலாய் நாட்டில் லாபிஸ் பக்கம், ரயில் பாதையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். எங்கள் தோட்டம் என்றால் வெள்ளைக்காரத் துரையின் தோட்டம்; நாங்கள் அதில் பால்மரம் சீவினோம். ரங்கூனிலிருந்து அரிசி வருவது குறைந்துவிட்டதாகப் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். தோட்டத்துக் கடையில் வாராவாரம் அரிசி விலை ஏறியது. பருப்பும் எண்ணெயும் அதன் பின்னாலேயே ஏறின. கூலி மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் கடையிலிருந்து வந்த அம்மா, வாங்கி வந்த அரிசியை ஒரு தகர டப்பாவில் கொட்டி மூடி, எனக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள். பிறகு எங்களைக் கூப்பிட்டாள்.

"தம்பிக்குக் காய்ச்சல் வந்தப்ப ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். சித்திரைத் திருவிழா வரைக்கும் நமக்குச் சோறு கெடையாது. ஆத்தாவுக்கு விட்டாச்சு."

ஆசைப்பட்ட ஒன்றைத் தெய்வத்துக்காக விட்டுவிடுவது எங்கள் ஜனங்களிடம் இருந்த வழக்கம்தான். வெற்றிலையை விட்டவர்கள் உண்டு, கறியை விட்டவர்கள் உண்டு. சோற்றையே விட்டதை அன்றுதான் கேள்விப்பட்டேன். அப்பா கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

தம்பிக்கு இரண்டு வயதுதான் என்பதால் அவனுக்குக் கஞ்சி உண்டு. வெயிலில் பாடுபடுகிறவர் என்று அப்பாவுக்கும் ஒரு பிடி உண்டு. ஆத்தா ரொம்பவும் அனுசரணையானவளாக இருந்தாள்.

அன்றிலிருந்து அம்மா வேலை முடிந்து வந்ததும் கூடையும் கத்தியுமாகக் கிளம்பிவிடுவாள். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால், அந்த வரிசையிலிருந்த பத்து வீடுகளின் கழிவுநீரும் போய்ச் சேருகிற ஈர மண்ணைக் கொத்தி, சக்கரவள்ளிக் கொடி நட்டாள். கிழங்கு வைப்பதற்குள் அதன் கொழுந்து எங்கள் கீரையாயிற்று. பப்பாளிக்காய் கூட்டானது. பலாப்பிஞ்சு மசாலாவோடு வெந்து கறி என்ற பெயரில் வந்தது. ஓடையோரம் சுருண்டு சுருண்டு முளைக்கும் ஒரு கீரையை மலாய்க்காரர்கள் தின்பதைப் பார்த்து, அதையும் பறித்து வந்தாள். முதல் நாள் வழவழவென்று இருந்ததால் நான் துப்பினேன். மறுநாள் அதே கீரை புளியும் மிளகாயுமாக வதங்கி வந்தது. அதற்கும் மறுநாள் தேங்காய்ப்பாலில் வந்தது. நான் தின்னும்வரை அம்மா விடவில்லை.

மரவள்ளிக் கிழங்கைத் துருவி, பிழிந்து, ஆவியில் வேகவைத்து, சோறுபோல உதிர்த்துத் தட்டில் போடுவாள். குழம்பு ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு தின்றால் ஏறக்குறைய சோறுதான். கண்ணைத் திறந்தால்தான் வம்பு.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று, "என்ன தங்கச்சி, ஒங்க வீட்டுல சோறு பொங்குற வாசமே காணோமே?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நாங்க ஆத்தாவுக்கு விட்டிருக்கோம் பெரியம்மா."

பெரியம்மாவும் அப்பாவைப் போலவே அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல வேண்டுதலா இருக்கே" என்றார். அடுத்த வாரம் பெரியம்மா வீட்டிலும் சோற்றை விட்டுவிட்டார்கள். மாசி பிறப்பதற்குள் லயத்தில் பாதி வீடுகளில் விரதம். அந்த வருஷம் ஆத்தாவுக்குச் சோற்றின்மேல் ஏன் அத்தனை ஆசை வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆனால் ஆரம்பித்து வைத்தது எங்கள் வீடு என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஓடைக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர்களின் கம்பம், அதாவது அவர்களுடைய கிராமம், இருந்தது. அங்கே ஓர் அம்மா எங்களுக்கு மரவள்ளிக் கிழங்கு கொடுப்பார். பதிலுக்கு அம்மா ஊறுகாய் கொடுத்தனுப்புவாள். வாரம் ஒரு முறை நான்தான் போய் வருவேன். ஒரு நாள் நான் போன நேரம் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வயலில் விளைந்த அரிசிச் சோறு, பொரித்த மீன். "மாக்கான், மாக்கான்" என்று அந்த அம்மா என்னைக் கைபிடித்து உட்காரவைத்தார். சாப்பிடு என்கிறார் என்பது எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் என் கை தட்டில் இருந்தது.

மறுநாள் காலையில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது.

நான் தின்ற சோற்றை மன்னிக்கும்படி இரண்டு நாள் ஆத்தாவை வேண்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் தம்பி கண்ணையே திறக்காமல் கிடந்தபோது எனக்குத் தாங்கவில்லை. கிழங்கு சீவிக்கொண்டிருந்த அம்மாவின் எதிரில் போய் நின்றேன்.

"அம்மா, நான் சோறு தின்னுட்டேன்."

அம்மாவின் கத்தி நின்றது. "எங்க?"

"கம்பத்து அம்மா வீட்டுல."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"எவ்வளவு தின்ன?"

"ரெண்டு தடவ போட்டாங்க."

"வயிறு நெறஞ்சிச்சா?"

தலையாட்டினேன். அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். மூன்று நாளுக்கு முந்தைய சோற்றை இப்போது ஏன் துடைக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. "ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். இனிமே அவங்க போட்டா வேணாம்னு சொல்லாத, சாப்பிட்டுட்டு வா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. தம்பி செத்துப்போனால் யார் பொறுப்பு? அம்மாவின் பக்தி தளர்ந்துவிட்டது, இனி இந்த வேண்டுதலை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து கிழங்கைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. தம்பியின் கஞ்சியில் மீந்ததை அம்மா கொடுத்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டேன். நான்கே நாளில் தம்பி எழுந்து உட்கார்ந்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த கசப்பு மருந்துதான் காரணம் என்றார் அப்பா. எதனால் என்று எனக்கல்லவா தெரியும்.

ஒரு சாயங்காலம் அடுப்படியில் அப்பா தணிந்த குரலில், "அவகிட்ட உண்மையச் சொல்லிடேன்" என்பது காதில் விழுந்தது.

"சொன்னா நாளைக்கு லயம் பூரா சொல்லிடுவா. நம்ம வீடு மட்டுமா இதுல இருக்கு?" என்றாள் அம்மா.

தம்பி பிழைத்தது என்னால்தான் என்ற உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தலைக்கனம் வந்துவிடுமே என்று அம்மா தயங்குகிறாள் போலிருக்கிறது.

அடுத்த வாரம் கம்பத்து அம்மா மறுபடியும் தட்டில் சோறு போட்டார். ஆவி பறந்தது. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டி, கிழங்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் வாயில் எச்சில் ஊறியது.

அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். "சாப்பிட்டியா?"

"போட்டாங்க. வேணாம்னுட்டேன்."

அம்மா கூடையை வாங்கவில்லை. அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். என் பக்தியைப் பார்த்து அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, அடுத்த வாரமும் வேண்டாம் என்றே சொல்லிவிடுவதாக நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.