வடக்குச் சுவர்க் கதவு

எட்டு வயதில் நான்தான் எங்கள் வீட்டின் அரசாங்க மொழிபெயர்ப்பாளர். கொழும்பில் படித்த அரைகுறை ஆங்கிலத்தின் புண்ணியம். எண்பதுகளில் அகதிகளாக மொன்றியல் வந்து நாங்கள் கண்ட முதல் பனி மாரி அது. அண்ணாவை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போயிருந்தது. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. அம்மா சோற்றைப் பிசைவார், வாயில் வைக்கமாட்டார்.

நாங்கள் இருந்த வில்லரேப் பகுதியில், தெருமுனைத் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் பழைய குளிர் உடுப்புகள் கொடுப்பார்கள். கொடுக்கும் வெள்ளைக்காரக் கிழவிக்கு வாய் ஓயாது. இங்கிலாந்துக் கிராமமொன்றில் எழுநூறு வருடமாக நிற்கும் தேவாலயத்தைப் பார்த்து அச்சாக இதைக் கட்டினார்களாம். சதுரக் கோபுரம், இரு கை விரித்தளவு தடிப்பில் கற்சுவர், வெயில் படாத வடக்குப் பக்கத்தில் குனிந்து போகும் ஒரு சிறு கதவு. அந்தக் காலத்தில் குழந்தைக்குப் பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கையில், பிசாசு வெளியே ஓடட்டும் என்று அதைத் திறந்து வைப்பார்களாம். பிறகு கல் வைத்து அடைத்துவிட்டார்கள். இங்கே கட்டிய புண்ணியவான்கள் அந்த அடைப்பையும் விடாமல் கட்டியிருந்தார்கள்.

“அவ என்ன சொல்லுறா, பிள்ளை?” என்றார் அம்மா.

பிசாசு என்று சொல்ல எனக்குப் பயம். “பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திறக்கிற கதவாம் அம்மா.”

அடுத்த ஞாயிறு அம்மா உடுப்புக் குவியலில் ஒரு சோடி ஆண் சப்பாத்துத் தேடியெடுத்து, உள்ளே அந்தக் கதவடியில் வைத்தார். “பிள்ளை செருப்போடை வருவான், கால் விறைச்சுப்போம்.” பிறகு கல்லோடு வாயை வைத்து அண்ணாவின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். கூப்பிடுவது பிசாசின் கதவில் என்பது எனக்கு மட்டுந்தான் தெரியும்.

அதற்கடுத்த ஞாயிறு சப்பாத்துகள் நனைந்திருந்தன. அடியில் பனி ஒட்டியிருந்தது. கல்லிலோ ஊசி நுழைய இடமில்லை. ஐயோ, யாரைக் கூப்பிட்டுவிட்டோம் என்று அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா அன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் சப்பாத்து நனைந்தே இருந்தது. பொறுக்கமாட்டாமல் அப்பாவிடம் உண்மையைச் சொல்லி அழுதேன்.

“அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. அவ சாப்பிடட்டும்,” என்றார்.

ஞாயிறு விடியவே போய்த் தேவாலயத்தைத் திறந்து, வாசலில் பனி தள்ளுகிறவர் அப்பாதான். மாரி தொடங்குமுன்பே கொழும்பிலிருந்து கடிதம் வந்திருந்தது, அண்ணா செத்துப்போனான் என்று. பனி உருகும்வரை அதை அவர் அம்மாவிடம் கொடுக்கவில்லை.

நானோ அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் பிசாசுக்குப் பயந்து அப்பாவின் கோட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். உள்ளே ஏதோ காகிதம் சரசரக்கும்.