தங்கையின் வாகனத்தை நான் ஏற்றிய நாள்

போன வருடம் மாரி மழை தொடங்கியிருந்த நேரம். ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் இருக்கும் கரம்பொனில், எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது இது.

தீவுப்பகுதி என்றால் தட்டையான நிலம். ஏற்றம் என்று சொல்ல இங்கே ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு செங்குத்துச் சரிவு வந்தது என்றால், அது என் தங்கை கட்டிய வீட்டால் வந்தது. அவளும் கணவரும் பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போனதும், இனி ஊரோடு இருப்போம் என்று திரும்பி வந்தார்கள். என் வளவுக்கு அடுத்த வளவு. மாரியில் வெள்ளம் நிற்கும் காணி என்பதால் அத்திவாரத்தை நெஞ்சளவுக்கு உயர்த்தினார்கள். வாகனம் விடும் கொட்டகையும் அதே உயரத்தில். வீதிக்கும் வீட்டுக்கும் நடுவில் இடம் போதாது. அதனால் சீமெந்துச் சரிவு கூரை மாதிரி நிமிர்ந்து நின்றது.

பிறகு வாகனம் வந்தது. ஏழு பேர் இருக்கக்கூடிய, கிளச் இல்லாத பெரிய ஓட்டோ கியர் வாகனம். ஓட்டுவது தங்கைதான்.

எனக்கும் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. பள்ளிக்கூடக் கந்தோரில் வேலை கிடைத்த புதிதில், எப்படியும் ஒரு கார் வாங்குவேன் என்ற நம்பிக்கையில் பழகி எடுத்தது. கார் வரவில்லை. ஸ்கூட்டிதான் வந்தது.

அம்மா என்னோடு இருக்கிறார். அவருடைய சாப்பாடு, மருந்து எல்லாம் நான். ஆனால் யாழ்ப்பாணம் போவதென்றால் தங்கையோடுதான். "உன்ரை ஸ்கூட்டியிலை இருந்தால் இடுப்புக் கழண்டுபோகும் பிள்ளை. அவளின்ரை வாகனத்திலை கட்டிலிலை படுத்த மாதிரி" என்பார். சாதாரணமாகத்தான் சொல்வார். எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

அம்மா போதாதென்று என் கணவர் வேறு. அவர் தோட்டக்காரர். சொந்தமாக உழவு இயந்திரம் வைத்திருப்பவர். தங்கை வாகனத்தை ஏற்றும்போது மதிலடியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வருவார்.

"இஞ்சேரும், பாத்தீரே? ஒரு உறுமல், ஒரே ஏத்து. சுவருக்கு ஒரு சாண் விட்டு நிப்பாட்டுறா. ஆம்பிளையளுக்கே ஏலாது உது."

நான் வைத்த நண்டுக்கறியைப் பற்றிக்கூட அவர் இத்தனை ரசித்துப் பேசியதில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. தங்கையின் ஹோர்ன் சத்தம் கேட்டால் கொடியில் காயும் உடுப்பை எடுக்கிற சாட்டில் நானும் மதிலடிக்குப் போய்விடுவேன். பார்க்கக்கூடாது என்று நினைப்பேன், பார்க்காமலும் இருக்க முடியாது. ஒருநாளாவது பாதியில் நின்றுபோகாதா என்று இருக்கும். அது நிற்காது. சரசரவென்று ஏறிப் போய் நிற்கும். அவள் இறங்கி, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உள்ளே போவாள். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு ஆகவே ஆகாது.

அன்று சனிக்கிழமை. அம்மாவைக் கண் வைத்தியரிடம் காட்டத் தங்கை யாழ்ப்பாணம் கூட்டிப் போயிருந்தாள். தங்கையின் கணவர் கொழும்பில். என்னவர் தோட்டத்தில். மத்தியானம் கழிந்து, மழை தூறிக்கொண்டிருந்தபோது ஹோர்ன் கேட்டது. நான் வழக்கம்போல மதிலடியில்.

வாகனம் ஏறியது. பாதிச் சரிவில் நின்றது.

உண்மையைச் சொன்னால், அந்த நொடி எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் ஓடியது. பிறகுதான் காரணம் தெரிந்தது. மழைக்கு ஒதுங்கிய ஓர் ஆடு கொட்டகையின் நடுவில் படுத்திருந்தது. தங்கை ஹோர்ன் அடித்தாள். ஆடு அசையவில்லை. அவள் கதவைத் திறந்து குதித்து இறங்கி, "சூ, சூ" என்று விரட்டிக்கொண்டு மேலே ஓடினாள். ஆடு எழும்பிப் பாய்ந்து போய்விட்டது.

அவசரத்தில் கியரைத் தரிப்பு நிலைக்குத் தள்ள மறந்துவிட்டாள். ஹான்ட் பிறேக்கும் போடவில்லை. ஓடும் நிலையிலேயே இருந்த எஞ்சின் வாகனத்தைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்தது. பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெரிய உடம்பு மெல்லப் பின்னால் வழுக்கத் தொடங்கியது. முன் இருக்கையில் அம்மா, மடியில் பையை வைத்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருந்தார்.

வீதிக்கு அந்தப் பக்கம் ஆழமான வெள்ள வாய்க்கால்.

நான் எப்படி எங்கள் வாசற் படலையைத் தாண்டினேன் என்று நினைவில்லை. தங்கை திரும்பிப் பார்த்து அலறினாள். ஓடிவந்தவள் ஈரச் சீமெந்தில் சறுக்கி விழுந்தாள். திறந்த கதவுக்குள்ளால் அம்மாவின் முகம் தெரிந்தது.

"அம்மா! பக்கத்திலை ஒரு பிடி இருக்குது! மேலை இழுங்கோ!"

"எதையடி பிள்ளை?"

"உங்கடை வலக்கைப் பக்கம்! அந்தக் கறுப்புப் பிடி! இழுங்கோ அம்மா, விட்டுடாதேங்கோ!"

அம்மா பையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்து, கிணற்றிலிருந்து வாளி இழுப்பது போல இழுத்தார். சில்லுகள் கிறீச்சிட்டன. வாகனத்தின் பின்பாதி வீதிக்கு வந்து, வாய்க்காலுக்கு ஓரடி முன்னால் நின்றது.

அம்மாவை இறக்கி எங்கள் வாசற்படியில் இருத்தினேன். தங்கை முழங்காலில் இரத்தம் வழிய சரிவிலேயே இருந்தாள். அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. வாகனம் பின்னால் வராமல் முன்னால் ஊர்ந்திருந்தால், அவள் அதற்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. வீதியை மறித்து நிற்கிறது தங்கையின் வாகனம். தங்கை எழும்பப் பார்த்தாள், முடியவில்லை.

"அக்கா, என்னாலை ஏலாது. முழங்காலை மடிக்கேலாமல் கிடக்குது."

பஸ் சாரதி இறங்கினார். "விடுங்கோ அக்கா, நான் ஏத்தித் தாறன்" என்றார்.

"வேண்டாம் தம்பி. நான் எடுப்பன்."

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பஸ் யன்னல் முழுக்கத் தலைகள். இத்தனை நாள் அவள் ஏற்றுவதை ஊர் பார்த்தது. இன்று நான் ஏற்றுவதைப் பார்க்கட்டும் என்ற எண்ணம் அந்தப் பதற்றத்திலும் எனக்குள் இருந்தது. பொறாமை எவ்வளவு பொல்லாதது பாருங்கள்.

ஏறி இருந்தேன். தங்கை நொண்டி நொண்டி வந்து யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வலக்காலைப் பிறேக்கிலை வையுங்கோ. இப்ப ஹான்ட் பிறேக்கை இறக்குங்கோ. இனி மெல்லமா..."

பழைய பழக்கத்தில் என் இடக்கால் கிளச்சைத் தேடியது. கிளச் ஏது? அது பிறேக்கில் ஓங்கி மிதித்துவிட்டது. வாகனம் குலுங்கி நின்றது. பஸ்சுக்குள் சிரித்தார்கள்.

"இடக்காலை மடிச்சு வையுங்கோ அக்கா. அதுக்கு இஞ்சை வேலையில்லை. என்னைப் பாருங்கோ, பஸ்சைப் பாக்காதேங்கோ."

மடித்து வைத்தேன். வலக்காலால் அக்சிலேற்றரை மெல்ல மிதித்தேன். வாகனத்தின் மூக்கு மேலே நிமிர்ந்ததும் எனக்கு முன்னால் எதுவுமே இல்லை. சரிவு தெரியவில்லை, கொட்டகை தெரியவில்லை. சாம்பல் நிற வானம் மட்டும். இதையா அவள் ஒவ்வொரு நாளும் செய்கிறாள்?

"விடாதேங்கோ, கால் எடுக்காதேங்கோ, வாங்கோ, வாங்கோ..."

மேலே போய் மூக்கு இறங்கியபோது கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்குவதைக் கண்டேன். நுனியில் ஒரு பழைய பந்து.

"பந்து கண்ணாடியிலை தட்டினதும் பிறேக்!" என்று கீழேயிருந்து கத்தினாள்.

தட்டியது. நிறுத்தினேன். முதலில் ஹான்ட் பிறேக், பிறகு கியர் என்று அவள் சொன்ன ஒழுங்கிலேயே செய்தேன். சுவருக்கு ஒரு சாண். பஸ் ஒருதரம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. எனக்குப் பெருமையில் முகம் சூடாகிவிட்டது.

அவளுடைய குசினியில் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டேன். "பந்தைக் கட்டி வைச்சுக்கொண்டோ எல்லாருக்கும் படம் காட்டினனி?"

அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, எனக்கு அந்தச் சரிவெண்டால் வலு பயம். கீழை நிண்டு பிள்ளையாரைக் கும்பிட்டுப்போட்டுத்தான் ஏத்துறனான். அதிலை நீங்கள் வேறை மதிலடியிலை நிப்பியள். நான் எப்ப பிழைவிடுவன் எண்டு பாக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். இண்டைக்கும் உங்களைக் கண்டன். ஒரே ஏத்திலை ஏறேல்லை எண்ட அவதியிலைதான் எல்லாத்தையும் மறந்துபோட்டு இறங்கினனான்."

புதுப் பஞ்சில் மருந்தை நனைத்து அவள் முழங்காலில் மெல்ல ஒற்றினேன். பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா, "இரண்டு பேரும் என்னைச் சாகக் குடுக்கப் பாத்தியள். இனி நான் பஸ்சிலைதான்" என்றார். அதற்கு மட்டும் மூவரும் சிரித்தோம்.

மாலையில் என்னவர் வந்ததும் நான் வாகனம் ஏற்றிய கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "தங்கச்சி நல்ல வடிவாச் சொல்லித் தந்திருக்கிறா" என்றார்!

பொறாமை அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் அவளுடைய ஹோர்ன் கேட்டால் உள்ளுக்குள் ஏதோ கிள்ளும். ஆனால் என்னுடைய ஒரு பார்வை அவளுக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்று தெரிந்த பிறகு, மதிலடியில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. வாகனம் மேலே போய் எஞ்சின் அடங்கும் சத்தம் கேட்கும்வரை, வீட்டுக்குள்ளேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.