நாளை புதன்கிழமை, வேன் வரும்

சரோஜா அக்கா போய்விட்டார். இன்று காலை... தேத்தண்ணி கலக்க எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான்.

அழுதுகொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆத்திரமும் வருகிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கோலா பிலா பக்கம் எங்கள் எஸ்டேட்டில் இருந்த யாருக்கும் அக்காவைத் தெரியாமல் இருக்காது. மற்றவர்களுக்காக: எண்ணெய்ச் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிய மனுஷி. பதவி கிடையாது, கட்சி கிடையாது. வாய் உண்டு.

எஸ்டேட்டுக்குள் வந்துகொண்டிருந்த பஸ் நின்றுபோனதும்தான் தொல்லை ஆரம்பித்தது. சர்க்கரைக்கு ஒரு தேதி, பிரஷருக்கு ஒரு தேதி. கண் பார்க்க சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாடி, கால் புண்ணுக்கு வேறு மாடி, அதற்கும் வேறு நாள். பக்கத்து வீட்டுக்காரருக்கோ இன்னொரு நாள்... சேர்ந்து ஒரு கார் பிடிக்கவும் வழியில்லை.

எங்கள் அப்பா பாதி அப்பாயிண்ட்மெண்டுக்குப் போகவில்லை. கால் விரலை எடுத்துவிட்டார்கள்.

பார்க்க வந்த அக்கா கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒடம்பு ஒண்ணுதானே லா... அதுக்கு எத்தன தேதி?"

அடுத்த வாரமே லயத்து வீடுகளில் இருந்த சர்க்கரைக்காரர்கள் அத்தனை பேரையும், எங்கள் அப்பாவையும் சேர்த்து, செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் ஏற்றிக்கொண்டு டவுன் கிளினிக்குக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஒருவருக்கும் தேதி இல்லை! கவுண்டர் பெண், தேதி கொடுப்பது கம்ப்யூட்டர்தான் என்றார்.

அக்கா மலாயில் போட்ட போடு தமிழில் இப்படி வரும்: "அந்தக் கம்ப்யூட்டர ஒரு நாளு எங்க எஸ்டேட்டுல கொண்டாந்து விடுங்க. அங்கேருந்து நடந்து வரட்டும்."

தலைமை மிஸ்ஸி, அதாவது பெரிய நர்ஸ், வெளியே வந்தார். முதலில் சிரித்தார். பிறகு அப்பாவின் காலைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து புதன்கிழமை எங்கள் நாள். ரத்தம், பிரஷர், டாக்டர், மருந்து, எல்லாம் ஒரே காலையில். போர்டில் எழுதிப் போடவில்லை... ஆனால் கிளினிக்கில் எல்லோரும் அதை மலாயில் 'ஹாரி எஸ்டேட்', எஸ்டேட் நாள், என்றுதான் சொல்வார்கள். யாரும் தூக்கிக் கொடுத்த நாள் இல்லை அது.

முதல் ரத்தப் பரிசோதனையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பசியாறாமல் வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆட்களும் வெள்ளிக்கிழமை விரதம் மாதிரி ஒரு டம்ளர் பால், இரண்டு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மிஸ்ஸி கேட்டபோது பெருமையாக வேறு சொன்னார்கள், "ஒண்ணும் சாப்புடல, பாலும் பழமும்தான்!"

மொத்தப் பேரையும் திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த தடவை முதல் நாள் சாயங்காலமே அக்கா கோயில் மைக்கைப் பிடித்துவிட்டார். "நாளைக்கு ரத்தம் எடுக்குற நாளு. பால் இல்ல, பழம் இல்ல, தேத்தண்ணி இல்ல. பச்சத் தண்ணி மட்டும்!"

கோயில் தலைவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏம்மா, இது சாமி மைக்கு!"

"சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்குது தலைவரே. ஒங்களுக்குத்தான் கேக்க மாட்டேங்குது."

தலைவருக்கும் சர்க்கரை. மறுநாள் கோயில் வேனை அவரே எடுத்துக்கொண்டு வந்தார். லோரிக்கு அன்றோடு விடுதலை.

ரத்தம் எடுத்து முடிந்ததும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பன் வைப்பார் அக்கா. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே நிற்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிளினிக்குக்குப் புதிதாக வந்த அதிகாரி, இனி ஆப் வழியாக ஆளுக்கு ஒரு தேதி என்கிறார். புதன்கிழமை ஆள் குறைந்தால் எஸ்டேட் நாளை எடுத்துவிடுவார்களாம். "ஆளு கொறையாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார் அக்கா.

நாளை புதன். ரத்தம் எடுக்கும் நாள்.

காலையிலிருந்து எனக்குப் போன் மேல் போன். "தேவி, சாவு வீட்ட வச்சுக்கிட்டு எப்புடிம்மா கிளினிக்கு போறது? அடுத்த மாசம் பாத்துக்கலாம் லா."

என்னத்தைப் பார்த்துக்கொள்வது? நாளை அந்த நாற்காலிகள் காலியாக இருந்தால் புதன்கிழமையையும் அக்காவோடு சேர்த்துப் புதைத்துவிடுவார்கள். நான் விடமாட்டேன்.

அக்காவின் மகனிடம் பேசிவிட்டேன். "அம்மாவ நாளைக்கு மூணு மணிக்குத்தான் எடுக்குறோம். எல்லாரும் போய்ட்டு வாங்கக்கா. போகலன்னா அம்மா எந்திரிச்சு உக்காந்து திட்டும்."

நான் வேலை செய்யும் சுங்கை காடுட் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டேன். வேனில் நானும் வருகிறேன். இன்று சாயங்காலம் கோயில் மைக்கில் சாவுச் செய்தி, ரத்தம் எடுக்கும் செய்தி, இரண்டும் வரும்.

எப்படியும் அக்காவை எடுக்கும்வரை லயத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. வெறும் வயிறுதானே? அப்படியே வந்து வேனில் ஏறுங்கள். பால் இல்லை, பழம் இல்லை, தேத்தண்ணி இல்லை.

ரத்தம் கொடுத்த பிறகும் "சாவு வீடு, வாயில் ஒன்றும் வைக்கமாட்டேன்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சொல்லிவிட்டேன்.

நீங்கள் நிம்மதியாகப் படுங்கள் அக்கா. பன் வாங்கி வைத்துவிட்டேன்.